ஒரு கல், எட்டு நீதிபதிகள்: அலபாமா நீதிமன்றக் கட்டளைக்கல் விவகாரம்

எதைப் பற்றிய ஆய்வு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. அங்குள்ள மாநில உச்ச நீதிமன்றக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் 2001-இல் ஒரு கிரானைட் கல் வைக்கப்பட்டது. பைபிளின் பத்துக் கட்டளைகள் பொறித்த கல். இரண்டு ஆண்டும் ஏறக்குறைய நான்கு வாரமும் அது அங்கே இருந்தது. வைத்தவர் அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதி. எடுக்கச் சொன்னது கூட்டாட்சி நீதிமன்றம். எடுக்க மறுத்ததால் தலைமை நீதிபதி பதவியிழந்தார்.

சட்டக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் 'அரசும் மதமும்' என்ற தலைப்பில் பாடமாக வரும். நான் இதை முதன்மையாக நீதிமன்ற அதிகாரத்தைப் பற்றிய வழக்காகப் படிக்கிறேன். நீதிபதியிடம் படையும் இல்லை, கஜானாவும் இல்லை. பதவியில் இருக்கும் ஒருவர், அதிலும் இன்னொரு நீதிபதி, 'முடியாது' என்று சொல்லிவிட்டால் தீர்ப்பு யார் கையால் நிறைவேறும்? அலபாமாவில் அதை நிறைவேற்றியவர்களில் பலர் கல்லை வைத்தவரின் கட்சிக்காரர்கள். ஒருவர் அந்தக் கல்லை வெளிப்படையாக ஆதரித்தவர்.

சம்பந்தப்பட்டவர்கள் பொதுவாழ்வில் அறியப்பட்டவர்கள்தாம். ஆனாலும் இங்கே பதவிப் பெயராலேயே குறிப்பிடுகிறேன். யார் செய்தார் என்பதைவிட, எந்த நாற்காலியில் இருந்துகொண்டு எதைச் செய்தார் என்பதே இந்த ஆய்வுக்கு வேண்டியது.

பின்னணி

இந்தியாவில் கீழமை நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்ற வரிசை, அதற்கு இணையாக நாடு முழுவதற்கும் கூட்டாட்சி நீதிமன்ற வரிசை. அலபாமா மாநில நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று வெல்ல வேண்டும். கூட்டாட்சி நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புதல் தருகிறது. பதவி ஆயுள் முழுவதற்கும். அதாவது ஒரு தரப்பு வாக்காளரிடம் திரும்பிப் போய் நிற்க வேண்டும், மறு தரப்புக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வழக்கில் நடந்த பலவற்றுக்கும் இந்த வேறுபாடு அடியில் கிடக்கிறது.

1791-இல் வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், எந்த மதத்தையும் நிறுவும் சட்டம் இயற்றலாகாது என்கிறது. 1802-இல் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரிலிருந்த பாப்டிஸ்டுகள் என்ற புராட்டஸ்டண்டு சபையினருக்கு எழுதிய கடிதத்தில் அதை அரசுக்கும் சபைக்கும் இடையிலான 'சுவர்' என்று வருணித்தார். அந்த பாப்டிஸ்டுகள் அங்கே சிறுபான்மையினர், சுவர் தங்களைக் காக்கும் என்று நம்பியவர்கள். இதை இங்கே சொல்லக் காரணம், இருநூறு ஆண்டு கழித்து அலபாமாவில் சுவரை இடிக்க வந்த கூட்டத்தில் பாப்டிஸ்டுகளும் கணிசமாக இருந்தார்கள்.

1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தத் தடை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது. 1971-இல் ஒரு சோதனை வகுத்தது: அரசின் செயலுக்கு மதம் சாராத நோக்கம் இருக்கிறதா, அதன் முதன்மை விளைவு மதத்தை வளர்க்கிறதா, அரசும் மதமும் அளவுமீறிப் பின்னிக்கொள்கின்றனவா? 1980-இல், கென்டக்கி பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வைத்த சட்டத்தைச் செல்லாது என்றது.

நம் ஊரில் 'மதச்சார்பின்மை' என்று சொன்னால் அரசு எல்லா மதங்களையும் சமமாக நடத்துவது என்றே பலரும் பொருள்கொள்கிறோம். அரசுத்துறையே கோயிலை நிர்வகிப்பதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கோட்பாடு வேறு, அங்கே விலகி நிற்பதுதான் விதி. அதனால் 'அரசு–சமயப் பிரிவினை' என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன்.

மரப்பலகையில் தொடங்கியது

கல்லுக்கு முன்னால் ஒரு பலகை இருந்தது. 1990-களில் எட்டோவா மாவட்டத்தின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, தாமே செதுக்கிய பத்துக் கட்டளை மரப்பலகையை நீதிமன்ற அறையில் மாட்டியிருந்தார். அமர்வுகள் ஜெபத்தோடு தொடங்கின. 1995-இல் வழக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மாண்ட்கோமரியின் மாநில நீதிபதி ஒருவர் ஜெபத்தைத் தடுத்தார். பலகையை எடுக்க வேண்டும், அல்லது மதம் சாராத வேறு பொருள்களோடு சேர்த்து வைக்க வேண்டும் என்றார். கேட்ஸ்டன் நீதிபதி இரண்டுக்கும் இணங்கவில்லை. பலகையைத் தொட வந்தால் தேசியக் காவல்படையை இறக்குவேன் என்று அப்போதைய ஆளுநர் அறிவித்தார்.

1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பலகை சரியா தவறா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை, வழக்கு முறைப்படி விசாரணைக்குரிய தகராறாக அமையவில்லை என்ற நுட்பக் காரணத்தைச் சொல்லி முடித்தது. பலகை சுவரிலேயே இருந்தது. அதை மாட்டியவர் 'பத்துக் கட்டளை நீதிபதி' என்ற பெயரோடு 2000 நவம்பர் தேர்தலில் மாநிலத் தலைமை நீதிபதி பதவிக்கு நின்று வென்றார்.

2001 ஜூலை 31, இரவு

மாநில நீதித்துறையின் நிர்வாகத் தலைவர் தலைமை நீதிபதி. நீதிமன்றக் கட்டடத்தில் எதை எங்கே வைப்பது என்பதும் அவர் அதிகாரத்துக்குள் வரும். அந்த அதிகாரத்தைக் கொண்டு, பதவியேற்ற ஏழாவது மாதம், ஒரு நாள் இரவில் கல்லைக் கொண்டுவந்து இறக்கினார். 5,280 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,400 கிலோ. செலவு தனியார் நன்கொடை. உடன் பணியாற்றிய எட்டு நீதிபதிகளுக்கும் முன்கூட்டித் தகவல் இல்லை. ஆனால் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ ஊழிய நிறுவனத்தின் கேமரா அங்கே இருந்தது. அந்த ஒளிப்பதிவு பின்னர் விற்பனைக்கு வந்தது, அதில் கிடைத்த பணத்தின் ஒரு பகுதி அவருடைய வழக்குச் செலவுக்கு உதவியது.

மறுநாள் காலையில் திறப்பு. கல்லின் மேற்பகுதி திறந்த பைபிளைப்போலச் சரிந்த இரு பலகைகள். பக்கவாட்டில் அமெரிக்க நிறுவனர்களின் வாசகங்களும் தேசிய கீத வரிகளும் சிறிய அளவில். கட்டடத்துக்குள் நுழைந்தால் நேரெதிரே, கண்ணாடிச் சுவருக்கு முன்னால், பின்புறம் நீர்வீழ்ச்சி அமைந்த முற்றம் தெரிய, கல் நின்றது. சட்ட நூலகத்துக்குப் போகிறவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

கவனத்துக்கு வந்தவை

திறப்புரையில் தலைமை நீதிபதி எதையும் மறைக்கவில்லை. மாநிலச் சட்டத்தின் அறநெறி அடித்தளம் கடவுளே என்பதை நினைவூட்டத்தான் கல்லை வைத்ததாகச் சொன்னார். வழக்கில் இதுவே அவருக்கு எதிரான முதன்மைச் சான்றாக ஆனது. இப்படிப்பட்ட வழக்குகளில் அதிகாரிகள் 'வரலாற்றுக் காட்சிப்பொருள்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இவர் அந்தக் கதவைத் தாமே சாத்திக்கொண்டார். அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அந்த நேர்மையைக் குறித்துவைக்க வேண்டும்.

மார்ட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவுண்டு' உரையையும் நடுக்கூடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் கேட்டார். கடவுளின் சட்டத்துக்கு அருகே மனிதனின் பேச்சை வைத்தால் கல்லின் தன்மை குலையும் என்ற காரணத்தோடு மறுப்பு வந்தது. நாத்திகர் குழு ஒன்றின் வேண்டுகோளும் நிராகரிக்கப்பட்டது. பிறகு கிங், அடிமைமுறையை எதிர்த்த ஃப்ரெடரிக் டக்ளஸ் ஆகியோரின் வாசகங்கள் கொண்ட ஒரு பலகையும், அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைகள் பட்டியலும் வைக்கப்பட்டன. கல்லைவிட மிகச் சிறியவை, தள்ளிப் பொருத்தப்பட்டவை.

இதன் கனம் புரிய அந்தத் தெருவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்றக் கட்டடம் டெக்ஸ்டர் அவென்யூவில் இருக்கிறது. 1955 பேருந்துப் புறக்கணிப்பின்போது கிங் போதகராக இருந்த தேவாலயம் அதே தெருவில்தான். தெருவின் முனையில் மாநிலத் தலைமைக் கட்டடம், 1861-இல் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் பதவியேற்ற இடம். 1963-இல் இனப்பிரிவினை என்றென்றும் நிலைக்கும் என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் முழங்கியதும் அங்கேதான். 'கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு எங்கள் மாநிலத்தில் என்ன வேலை' என்ற வாக்கியத்துக்கு அந்த ஊரில் ஒரு பழைய எதிரொலி உண்டு. சொல்கிறவர் நினைக்காவிட்டாலும் கேட்கிறவர் காதில் அது விழும்.

வழக்கு

2001 அக்டோபர் 30-இல் மூன்று வழக்கறிஞர்கள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூவரும் அலபாமா நீதிமன்றங்களில் தொழில் செய்பவர்கள். 'மனம் புண்படுகிறது' என்பது மட்டும் அங்கே வழக்கு தொடரப் போதாது, நேரடியான பாதிப்பைக் காட்ட வேண்டும். கல்லைக் கடக்க விரும்பாமல் கட்டடத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டதாக இருவர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் நூலகத்தை விட்டுவிட்டுச் சட்டநூல்களைக் கைக்காசு போட்டு வாங்கியிருந்தார். வாடிக்கையாளருக்காக நாளை எந்த நீதிபதியின் முன் நிற்க வேண்டுமோ, அதே நீதிபதியை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் இவர்கள்.

தலைமை நீதிபதியின் வாதங்களில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, அரசியலமைப்பு 'காங்கிரஸ் சட்டம் இயற்றலாகாது' என்கிறது. நான் காங்கிரஸும் இல்லை, கல் சட்டமும் இல்லை. இரண்டு, அலபாமா அரசியலமைப்பின் முகவுரை எல்லாம் வல்ல கடவுளின் அருளை வேண்டுகிறது. அதைக் காக்கச் சத்தியம் செய்தவன் நான். கடவுளை ஒப்புக்கொள்ளாதே என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை.

முதல் வாதம் 1947 தீர்ப்போடு அடிபட்டுப்போகிறது. இரண்டாவது வாதம் ஆழமானது, ஆபத்தானதும்கூட. ஒரு தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்துமா என்பதை, தன் சத்தியப்பிரமாணத்தைத் தானே பொருள்கொண்டு தானே முடிவுசெய்யலாம் என்கிறது அது. அப்படிப் பார்த்தால் அவருடைய சொந்த நீதிமன்றத்தின் தீர்ப்பையும் எந்த மாவட்ட அதிகாரியும் இதே காரணம் சொல்லித் தள்ளலாம்.

தீர்ப்பும் அது வந்த விதமும்

2002 அக்டோபரில் ஏழு நாள் விசாரணை. மாவட்ட நீதிபதி, 1980-இல் நியமிக்கப்பட்ட கறுப்பினத்தவர், கல்லை நேரில் போய்ப் பார்த்தார். நவம்பர் 18-இல் தீர்ப்பு: கல்லின் நோக்கம் மதம், விளைவும் மதம், அது அரசியலமைப்புக்கு முரண்.

தீர்ப்பு தன் எல்லையைத் தானே குறுக்கிக்கொண்டது. அரசுக் கட்டடத்தில் பத்துக் கட்டளைகள் எந்த நிலையிலும் இடம்பெறக் கூடாது என்று சொல்லவில்லை, அமெரிக்கச் சட்டத்தின் ஊற்றுகளில் அவையும் உண்டு என்பதை மறுக்கவுமில்லை. இந்தக் கல், இந்த இடம், இந்த நோக்கம் என்பதோடு நின்றது.

யாருடைய பத்துக் கட்டளைகள் என்ற கேள்வியும் எழுந்தது. கல்லில் இருந்தது புராட்டஸ்டண்டுகள் பயன்படுத்தும் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. யூதர், கத்தோலிக்கர், லூத்தரன் சபையினர் கட்டளைகளை வேறுவேறாக எண்ணுகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் 'பத்துக் கற்பனைகள்', இன்னொரு வீட்டில் 'பத்துக் கட்டளைகள்'. சொரூபங்களைப் பற்றியது ஒரு வீட்டில் தனியாக இரண்டாவது, மற்றதில் முதலாவதற்குள்ளேயே அடக்கம். எதைக் கல்லில் பொறிப்பது என்று அரசு முடிவெடுத்தால், சபைகளுக்கு இடையில் அரசு ஒரு பக்கம் சாய்ந்தாகிவிட்டது.

தீர்ப்பு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. நீதிபதி உடனே தடையாணை போடவில்லை. தாமாக எடுக்க 30 நாள் கொடுத்தார். கல் அசையாததால் டிசம்பர் 19-இல் ஆணை வந்தது. நான்கே நாளில், மேல்முறையீடு முடியும்வரை அதை அவரே நிறுத்திவைத்தார். 'சண்டைக்கு வந்தார்கள்' என்று யாரும் சொல்ல இடம் தரக் கூடாது என்பது கணக்கு என்று நினைக்கிறேன்.

2003 ஜூலை 1-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பை உறுதிசெய்தார்கள். தீர்ப்பை எழுதியவர், தலைமை நீதிபதியின் கட்சியான குடியரசுக் கட்சியின் அதிபர் ஒருவர் நியமித்தவர், அலபாமா அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றியவர், அதாவது உள்ளூர்க்காரர். இனப்பிரிவினைக் காலத்தில் கூட்டாட்சி நீதிமன்றங்களை எதிர்த்து நின்ற தென்மாநில ஆளுநர்களோடு அவர் தலைமை நீதிபதியின் நிலைப்பாட்டை ஒப்பிட்டார். மேல்முறையீட்டு வழிகள் தீர்ந்தபின் ஆணைக்கு அடங்குவது எவரையும்விடத் தலைமை நீதிபதியிடம் எதிர்பார்க்கத்தக்கது என்றும் எழுதினார்.

2003 ஆகஸ்டு

ஆகஸ்டு 5-இல் மாவட்ட நீதிபதி கெடு விதித்தார்: 20-ஆம் தேதிக்குள் கல் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகல வேண்டும்.

இங்கேதான் இந்த வழக்கின் மிகக் கூர்மையான முடிவு எடுக்கப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மார்ஷல்கள் என்ற ஆயுதமேந்திய அலுவலர்கள் உண்டு. 1957-இல் கறுப்பின மாணவர்களை உள்ளே விடச் சொன்ன நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற, ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் பள்ளிக்கு அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தையே அனுப்பியிருக்கிறார். 1963-இல் அலபாமா பல்கலைக்கழக வாசலில் கறுப்பின மாணவர்களை ஆளுநர் வாலஸ் மறித்து நின்றபோது, மாநிலத்தின் காவல்படையைக் கூட்டாட்சிக் கட்டுப்பாட்டில் எடுத்து அவரை விலகச் செய்தார்கள். மாவட்ட நீதிபதி அந்தப் பாதையைத் தவிர்த்தார். கூட்டாட்சி அதிகாரிகளும் மாநில அதிகாரிகளும், அல்லது அதிகாரிகளும் பொதுமக்களும், நேருக்கு நேர் மோதும் நிலை வராது என்று ஆணையிலேயே தெளிவுபடுத்தினார். பதிலாக அபராதத்தைச் சுட்டிக்காட்டினார். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 5,000 டாலர் என்ற அளவில், ஏறிக்கொண்டே போகக்கூடியது. பதவி முறையில் தலைமை நீதிபதிமேல் விழும் அபராதம், ஆகவே மாநிலத்தின் மேல்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மார்ஷல்கள் வந்திருந்தால் தொலைக்காட்சியில் ஒரே ஒரு காட்சிதான்: துப்பாக்கி ஏந்திய வாஷிங்டன், கல்லைக் கட்டிப்பிடித்த பக்தர்கள். அபராதம் என்றதும் கேள்வி மாநிலத்துக்குள் திரும்பியது. ஒருவரின் மறுப்புக்காக மாநிலத்தின் பணத்தை யார் எடுத்துக் கொடுப்பது?

ஆகஸ்டு 14-இல் தலைமை நீதிபதி, கல்லை எடுக்க மாட்டேன் என்று அறிவித்தார். மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர், அதுவரை காட்சிப்படுத்துவதை ஆதரித்தவர், உடன்படாத தீர்ப்பானாலும் கீழ்ப்படிவது தம் கடமை என்று சொல்லி ஒதுங்கினார். ஆளுநரும் அதே வழியில் நின்றார். 1997-இன் ஆளுநரோடு ஒப்பிட்டால், ஆறே ஆண்டில் இது பெரிய மாற்றம். ஆகஸ்டு 20-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவசரத் தடை தர மறுத்தது. அன்று நடுக்கூடத்திலிருந்து வெளியேற மறுத்த இருபது பேரளவில் கைதானார்கள். படிக்கட்டுகளில் நூற்றுக்கணக்கானோர் இரவும் பகலும் ஜெபத்தோடு இருந்தார்கள்.

ஆகஸ்டு 21-இல் எட்டு உடன் நீதிபதிகளும் கூடினார்கள். தலைமை நீதிபதியின் நிர்வாக முடிவை, நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ரத்து செய்யலாம் என்று அலபாமா சட்டத்தொகுப்பின் 12-5-20 பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் கையில் எடுத்து, எட்டுப் பேரும் ஒருமனதாக, கல்லை அகற்றுமாறு கட்டட மேலாளருக்கு உத்தரவிட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணையை இந்த நீதிமன்றத்தின் அதிகாரிகளே மீறினால், மாநிலத்தில் எந்த நீதிமன்றமும் தன் தீர்ப்பை நிறைவேற்றும் வலுவை இழக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பெரும்பாலோர் அவருடைய கட்சிக்காரர்கள். எல்லோரும் தேர்தலில் வென்று வந்தவர்கள். வெளியே நின்ற கூட்டம் நாளைக்கு வாக்குச்சீட்டோடு வரும் என்பது தெரிந்தவர்கள். அரசியலமைப்பின் பொருள் பற்றி அந்த உத்தரவு எதையும் புதிதாகச் சொல்லவில்லை, ஆனால் கல் நகர்ந்தது அதனால்தான்.

மறுநாள் மாநில நீதித்துறை விசாரணை ஆணையம் தலைமை நீதிபதிமேல் குற்றச்சாட்டுப் பதிவுசெய்தது. அதோடு அவர் தானாகவே இடைநீக்கமானார். ஆகஸ்டு 27 காலையில் தூக்குக்கருவி வைத்துக் கல்லை நகர்த்தி, அதே கட்டடத்தின் உள்ளறை ஒன்றில் வைத்தார்கள். 'என் கடவுள்மேல் இருந்து கையை எடுங்கள்' என்று ஒருவர் கதறியது தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப வந்தது. சிலைவழிபாட்டைத் தடுக்கும் கட்டளையும் அந்தக் கல்லில் இருந்தது என்பதை அன்றே பல கிறிஸ்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

பதவி நீக்கம்

நவம்பர் 3-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. நவம்பர் 12-இல் நீதிபதிகளை விசாரிக்கும் மாநில நீதிமன்றத்தின் ஒன்பது பேர் முன் விசாரணை. வழக்கு நடத்தியவர் அதே அரசுத் தலைமை வழக்கறிஞர். பதவிக்குத் திரும்பினால் எவர் என்ன சொன்னாலும் கடவுளை ஒப்புக்கொள்வதைத் தொடர்வீர்களா என்று கேட்டார். ஆம் என்றே பதில் வந்தது. மறுநாள் ஒன்பது பேரும் ஒருமனதாகப் பதவியைப் பறித்தார்கள்.

மேல்முறையீட்டைக் கேட்க அவருடைய சகாக்களால் முடியாது, எட்டுப் பேருமே சம்பந்தப்பட்டவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளிலிருந்து குலுக்கல் முறையில் ஏழு பேரைக் கொண்டு சிறப்பு உச்ச நீதிமன்றம் அமைத்தார்கள். 2004 ஏப்ரல் 30-இல் அதுவும் பதவிநீக்கத்தை உறுதிசெய்தது. வழக்குத் தொடுத்தவர்களின் சட்டச் செலவாக மாநிலம் 5.5 லட்சம் டாலர் அளவில் கட்டியது.

பின்னர் நடந்தவை

கல் ஒரு லாரியில் ஏறி நாடு சுற்றியது. பிறகு கேட்ஸ்டனில் ஒரு தேவாலயத்தில் அமர்ந்தது. அந்த இடத்தைப் பற்றி எவருக்கும் வழக்கில்லை.

கூட்டாட்சி நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளைக் கேட்கும் அதிகாரத்தையே பறிக்கும் மசோதா 2004-இல் அலபாமாவின் பிரதிநிதிகள் வழியாகக் காங்கிரஸில் வந்தது, நிறைவேறவில்லை. 2005-இல் ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு தந்தது: கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய கட்டளைகள் கூடாது, டெக்சஸில் 1961 முதல் நின்ற கல் இருக்கலாம். இரண்டும் ஐந்துக்கு நான்கு. இரு பெரும்பான்மையிலும் இருந்தவர் ஒரே ஒரு நீதிபதி. சட்டம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 1971 சோதனையையும் உச்ச நீதிமன்றம் 2022-இல் கைவிட்டது. 2024-இல் லூசியானா, வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. அலபாமாக் கல் இன்று வைக்கப்பட்டிருந்தால் அதே காரணங்களால் தோற்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பதவியிழந்தவர் 2006-லும் 2010-லும் ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் தோற்றார். 2012-இல் வாக்காளர்கள் அவரை மீண்டும் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். ஒருபாலினத் திருமணம் பற்றிய கூட்டாட்சித் தீர்ப்புக்கு மாறாக அவர் மாநில நீதிபதிகளுக்கு அனுப்பிய உத்தரவுக்காக, 2016 செப்டம்பரில் எஞ்சிய பதவிக்காலம் முழுவதும் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய உதவியாளராக இருந்தவர் 2004-இல் அதே நீதிமன்றத்துக்குத் தேர்வாகி, 2018-இல் தலைமை நீதிபதியும் ஆனார். அதே 2018-இல் பத்துக் கட்டளைகளை அரசு இடங்களில் வைக்கலாம் என்ற மாநில அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். ஆனால் அதைக் காத்து வழக்காடப் பொதுப்பணம் செலவிடக் கூடாது என்ற வாசகமும் அந்தத் திருத்தத்திலேயே உண்டு. 2004-இல் கட்டிய பணத்தை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

கூட்டாட்சி நீதிமன்றம் நடந்துகொண்டதில் நான் மாற்றச் சொல்வது மிகக் குறைவு. குறுகிய தீர்ப்பு, தாமாகச் செய்ய அவகாசம், மார்ஷல்களைத் தவிர்த்தது ஆகிய மூன்றும் சரியாகவே வேலை செய்தன. ஆளுநர்களோடு ஒப்பிட்ட பகுதி உண்மைதான். ஆனால் கல்லுக்காக நின்ற எளிய மக்களுக்குத் தங்களை நிறவெறியர் என்று ஏசியதாகப் பட்டிருக்கும். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அது இல்லாமலே வாதம் நின்றிருக்கும்.

பிழை மாநிலத்துக்குள்தான் நடந்தது. 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் பலகைக் கேள்வியைக் கையில் எடுத்து எப்படித் தீர்த்திருந்தாலும், அது சொந்த மாநிலத்தின் தீர்ப்பாக இருந்திருக்கும். 'வெளியார் வந்து கடவுளை வெளியேற்றினார்கள்' என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. தேர்தலை எதிர்கொள்ளும் நீதிபதிகள் நுட்பக் காரணத்தில் ஒதுங்கிக்கொள்வது புரிகிறது, ஆனால் தள்ளிப்போட்ட கேள்வி மூன்று ஆண்டில் 2,400 கிலோ கல்லாகத் திரும்பி வந்தது.

பொதுக்கட்டடத்தில் நிலையான பொருள் எதையும் வைக்க ஒருவரின் விருப்பம் மட்டும் போதும் என்ற ஏற்பாடும் தவறு. எழுத்தில் விண்ணப்பம், முன்னறிவிப்பு, உடன் நீதிபதிகளின் வாக்கு என்று ஒரு சாதாரண நடைமுறை இருந்திருந்தால், கல்லை இரவில் கொண்டுவர வேண்டிய அவசியமும் இருந்திருக்காது, வழியும் இருந்திருக்காது.

எட்டு நீதிபதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி நாளில் அவர்கள் காட்டிய துணிவைக் குறைக்க விரும்பவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது தலையிட்டால் தீர்ப்பை முந்திக்கொண்டதாகும் என்று அவர்கள் தயங்கியிருக்கலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் வழக்கு 2001 அக்டோபரில்தான் வந்தது. தங்களைக் கேட்காமல் வைத்த கல்லை ஆகஸ்டு 1 காலையில் நடுக்கூடத்தில் பார்த்தபோதே 12-5-20 பிரிவு சட்டப்புத்தகத்தில் இருந்தது.